ரோமில் பிக்பாக்கெட்: புகார் தாளில் இருந்த ஒரு வார்த்தை

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. இன்னமும் பஸ்ஸில் யாராவது நெருங்கி நின்றால் கை தானாகப் பைக்குப் போய்விடுகிறது.

ரோமின் டெர்மினி ரயில்வே ஸ்டேஷனில் இருந்து வாத்திகன் பக்கம் போகும் 64-ஆம் நம்பர் பஸ்ஸில்தான் நடந்தது. அந்த வழித்தடத்தில் பிக்பாக்கெட் அதிகம் என்று முன்பே படித்திருந்ததால் பையை முன்பக்கம்தான் மாட்டியிருந்தேன், ஜிப் மேல் கையும் வைத்திருந்தேன். பியாத்சா வெனேசியாவில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. கையில் கோட்டைப் போட்டிருந்த ஒரு பெண் என்னை ஒட்டி நின்றாள், இன்னொருவர் "வாட்டிகன்? வாட்டிகன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த நிறுத்தத்திலேயே இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். புனித பேதுரு சதுக்கத்தில் சோதனைக்காகப் பையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், ஜிப் மூடியபடியே இருக்கிறது, பையின் அடியில் பிளேடால் கிழித்திருக்கிறார்கள். பாஸ்போர்ட், வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் போட்டு வைத்திருந்த ஃபாரெக்ஸ் கார்டு, 300 யூரோ எல்லாம் போய்விட்டது. எனக்கு அழுகைதான் வந்தது. கூட வந்திருந்த அம்மாதான் "கார்டை முதல்ல நிறுத்துடி" என்றார். போன் கையில் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் ஆப்பிலேயே நிறுத்திவிட்டேன்.

அப்புறம்தான் உண்மையான அலைச்சல். முதலில் போன போலீஸ் நிலையத்தில் வேறு நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, ஒரு தாளில் இத்தாலிய மொழியில் அடித்து, "சைன்" என்றார்கள். போட்டுவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி ஹோட்டல் வரவேற்பில் இருந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு, "இதில் 'ஸ்மாரிமென்டோ' என்று இருக்கிறதே, நீங்களே தொலைத்துவிட்டதாகத்தானே அர்த்தம்" என்றார். திருட்டு என்றால் 'ஃபுர்ட்டோ' என்று இருக்க வேண்டுமாம். பயண இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்த்தேன், திருட்டு என்று போலீஸ் எழுதிக் கொடுத்தால்தான் க்ளெய்ம், அதுவும் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். அதே அதிகாரி. "எடுத்த கையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் திருட்டு என்று எப்படிச் சொல்கிறீர்கள், பாஸ்போர்ட் வாங்க இந்தத் தாளே போதும்" என்றார். நான் பேசவில்லை, கிழிந்த பையைத் தலைகீழாக அவர் மேஜை மேல் வைத்தேன். கீறலில் விரலை விட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்தில் 'ஃபுர்ட்டோ' என்று புதுத் தாள் கைக்கு வந்தது. அந்தப் பையை நல்லவேளை ஹோட்டலிலேயே தூக்கி எறியாமல் வைத்திருந்தேன்.

சனி, ஞாயிறு இந்தியத் தூதரகம் கிடையாது. ஃபாரெக்ஸ் கார்டோடு வந்த இரண்டாவது கார்டையும் நான் அதே பையில்தான் வைத்திருந்தேன், தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள், அதை ஹோட்டல் பெட்டியில் விட்டுவிட்டுப் போங்கள். அம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையில் 150 யூரோ இருந்தது. திங்கள் வரை அதில்தான் சாப்பிட்டோம்.

தூதரகத்தில் சிக்கல் இல்லை. மெயிலில் பாஸ்போர்ட், விசா நகல் இருந்ததால் செவ்வாயன்றே பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தரும் எமர்ஜென்சி சர்ட்டிஃபிகேட் கிடைத்தது. போட்டோ மட்டும் இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று: ஸ்டேஷன் பூத்தில் வருவது ஐரோப்பிய அளவு, எங்களிடம் கேட்டது இரண்டு அங்குலச் சதுரம். ஊரில் இருந்தே நாலு போட்டோ கொண்டு போய்விட்டால் இந்த அலைச்சல் கிடையாது. அந்தச் சர்ட்டிஃபிகேட்டை வைத்து இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான் முடியும். சுவிட்சர்லாந்து போகப் போட்டிருந்த திட்டம் அதோடு போனது, அம்மா அந்த மலை ரயிலுக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தார், அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஊருக்கு வந்து இன்சூரன்ஸ் ஆட்களிடம் பேசியபோது முதல் கேள்வியே, "போலீஸ் ரிப்போர்ட்டில் தெஃப்ட் என்று இருக்கிறதா மேடம்?" ரொக்கத்துக்குப் பாலிசியில் இடமில்லை. பாஸ்போர்ட் செலவு மட்டும் போன வாரம் கணக்கில் ஏறியது.