செக்ரோல் டேட்டாபேஸுக்கு ரேமும் சிபியுவும் ஒதுக்கிய அனுபவம்

எங்கள் பக்கம் சம்பளம் 10ஆம் திகதி. அதற்கு முன் செக்ரோலை, அதாவது தோட்டத் தொழிலாளரின் மாதச் சம்பளப் பதிவை, மூடியாக வேண்டும். மலையில் எடை போட்ட தேயிலைக் கொழுந்து, முழுநாள் வேலைக்கு முழுப்பேர், அரைநாளுக்கு அரைப்பேர், பேருக்கு வெளியே செய்யும் வேலைக்குக் கைக்காசு, சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிக்கும் 8 வீதம், கம்பனி போடும் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் எல்லாம் ஹட்டனில் இருக்கும் எங்கள் அலுவலகத்து சர்வர்களில்தான் கணக்காகின்றன. கணக்கு ஒரு நாள் பிந்தினால் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், அடுப்பு எரிவதில் அது தெரியும். நானும் லயத்தில் பிறந்தவன், அதனால் அந்த வேலையை வெறும் டேட்டாபேஸ் வேலையாக என்னால் பார்க்க முடிவதில்லை.

அமைப்பு இதுதான். ஒரு சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரிக்கும் வீஎம்வேர் வீஸ்பியர் போட்ட மூன்று ஹோஸ்ட்கள், அதாவது நிஜ சர்வர்கள். ஒவ்வொன்றிலும் 2.4 கிகாஹேர்ட்ஸில் 16 கோர், 128 ஜிபி ரேம். அவற்றின் மேல் 18 வீஎம்கள், அதாவது அந்த மெய்நிகர் கணினிகள். அதில் மூன்று சேர்ந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கிளஸ்டர்: ஒன்று தலைவனாக இருந்து எழுதும், மற்ற இரண்டும் அதன் பிரதி. எது தலைவன் என்று தீர்மானிப்பது பட்ரோனி என்ற மென்பொருளும், மூன்றும் பெரும்பான்மையால் ஒத்துக்கொள்ளும் பதிவை வைக்கும் இடிசிடியும். மூன்று வீஎம்களுக்கும் தலா 4 விசிபியு (மெய்நிகர் சிபியு), 32 ஜிபி ரேம். மூன்று இருக்கிறதே, ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டு தாங்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

தென்மேல் பருவக்காற்றில் சவுக்கு மரம் ஒன்று கம்பிக்கு மேல் சாய்ந்து கரண்ட் போய்ப் போய் வந்த வாரம், ஒரு ஹோஸ்டின் பவர் சப்ளை எரிந்துவிட்டது. அதைக் கழற்றி கொழும்புக்கு அனுப்பிவிட்டு, 18 வீஎம்களையும் இரண்டு ஹோஸ்ட்களில் ஓட்டினோம். ஓடின. பிரச்சினை இல்லை என்றே நினைத்தேன்.

செக்ரோல் மூடும் அன்று இரவு டேட்டாபேஸின் தலைமை மூன்று முறை மாறியது. ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுந்து, பாதியில் நின்ற சம்பளக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. கணக்கு ஓட்டிக்கொண்டிருந்த அக்கா விடியும் வரை மேசையை விட்டு எழும்பவில்லை.

இடிசிடி லாக்கில், உயிரோடு இருக்கிறேன் என்று தலைவன் மற்றவைக்குச் சொல்லும் இதயத்துடிப்பை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை, டிஸ்க் மெதுவாக இருக்கலாம் என்ற பொருளில் வரிசையாக எச்சரிக்கைகள். அதை நம்பி அரை நாள் ஸ்டோரேஜைத் தோண்டினேன். டிஸ்க் சுத்தமாக இருந்தது. சுவிட்சையும் கேபிளையும் பார்த்தேன், அதுவும் சரி. கடைசியில்தான் ஹோஸ்ட் பக்கம் போய் சிபியு ரெடி என்ற அளவைப் பார்த்தேன். 20 விநாடி இடைவெளிக்கு 9,600 மில்லிவிநாடி. 4 விசிபியுவுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் 12 வீதம்.

சிபியு ரெடி என்பது, வீஎம் வேலை செய்யத் தயாராக நிற்கிறது, ஆனால் கோர் கிடைக்கவில்லை என்று காத்திருக்கும் நேரம். நிறைந்த கொழுந்துச் சாக்கோடு தராசுக்கு வரிசையில் நிற்பது மாதிரி. விசிபியுவுக்கு 5 வீதத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பார்கள். 12 வீதம் என்பது சராசரி, நடுவில் நீண்ட தடங்கல்களும் இருந்திருக்கும். இடிசிடியின் வழக்கமான அமைப்பில் இதயத்துடிப்பு 100 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. 1,000 மில்லிவிநாடி சத்தம் இல்லாவிட்டால் தலைவன் இல்லை என்று முடிவுகட்டி மற்றவை தேர்தலுக்குப் போய்விடும். இடிசிடி இப்படித் தடுமாறினால் டேட்டாபேஸின் தலைமையும் மாறலாம். ஆக தலைவன் சாகவில்லை, வரிசையில் நின்றிருக்கிறது.

ரேம் இன்னும் மோசம். 18 வீஎம்களுக்கும் கொடுத்திருந்த ரேம் மொத்தம் 300 ஜிபி. மூன்று ஹோஸ்டில் 384 இருந்தது, இரண்டில் 256தான். பற்றாத ரேமை ஹோஸ்ட் எல்லோரிடமிருந்தும் பிடுங்கியிருக்கிறது. டேட்டாபேஸ் வீஎம்கள் இரண்டில் பலூனிங் (வீஎம்மிடமிருந்து ரேமைத் திருப்பி எடுப்பது) நடந்து, கொஞ்சம் ஸ்வாப்புக்கும் (ரேமுக்குப் பதில் டிஸ்க்) போயிருந்தது. போதாததற்கு அந்த இரண்டும் ஒரே ஹோஸ்டில் இருந்தன.

மூன்றாவது ஹோஸ்ட் திரும்பி வந்ததும் ஒதுக்கீட்டைத் தொடங்கினேன். மூன்று டேட்டாபேஸ் வீஎம்களுக்கும் ரேம் முழுவதையும், அதாவது தலா 32 ஜிபியை, ரிசர்வ் செய்தேன். சிபியுவுக்கு உச்சமாக 9.6 கிகாஹேர்ட்ஸ் வரை கேட்கலாம். ஆனால் செக்ரோல் இரவிலேயே அவை 5ஐ ஒட்டித்தான் பயன்படுத்தியிருந்தன, அதனால் 6 போட்டேன். ரேம் ஒதுக்கீடும் சிபியு ஒதுக்கீடும் ஒரே மாதிரி அல்ல என்பது இங்கே முக்கியம். ஒதுக்கிய சிபியு சும்மா கிடந்தால் மற்ற வீஎம்கள் எடுத்துக்கொள்ளலாம், கேட்ட நொடியில் திரும்பி வரும். ஒதுக்கிய ரேமை வீஎம் ஒரு தடவை தொட்டுவிட்டால் வேறு யாருக்கும் கிடையாது. ஆகவே சிபியுவில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், ரேமைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ரேம் முழுவதையும் ரிசர்வ் செய்தால் ஸ்டோரேஜில் ஹோஸ்ட் வைக்கும் ஸ்வாப் ஃபைல் பூச்சியமாகிவிடும். மூன்றுக்கும் சேர்த்து 96 ஜிபி மிச்சம். அதற்கு வீஎம்மை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். சரி என்று, தலைமையில் இல்லாத ஒன்றை அணைத்தேன். திரும்பப் போட்டால் எழும்பவில்லை! ஃபெயில்ஓவருக்குப் போதிய வளம் இல்லை என்றது. 384 ஜிபி கண்முன்னே இருக்கிறது, ஒரு 32 ஜிபி வீஎம்முக்கு இடமில்லையாம். கிளஸ்டரில் மிச்சம் இரண்டு. இன்னொன்று போனால் பெரும்பான்மை இல்லை, டேட்டாபேஸ் எழுதுவதை நிறுத்திவிடும். கை நடுங்கியது.

காரணம் எச்ஏயின், அதாவது விழுந்த ஹோஸ்டின் வீஎம்களை மற்ற ஹோஸ்ட்களில் எழுப்பும் (ஃபெயில்ஓவர்) வசதியின், அனுமதிக் கட்டுப்பாடு. பழைய அமைப்பில் அது, ஹோஸ்டை ஒரே அளவுத் துண்டுகளாக எண்ணும் ஸ்லாட் முறையில் இருந்தது. அந்த முறை, ஓடும் வீஎம்களில் மிகப் பெரிய ரிசர்வேஷன் எதுவோ அதையே ஒரு ஸ்லாட்டின் அளவாக எடுத்துக்கொள்ளும். நான் கொடுத்த 32 ஜிபி ஒரே நிமிடத்தில் எல்லோருக்குமான அளவாகிவிட்டது. வீஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசருக்கும் மேலதிகச் செலவுக்கும் போனால் 128 ஜிபி ஹோஸ்டில் மூன்று ஸ்லாட்தான். மொத்தம் ஒன்பது, ஒரு ஹோஸ்ட் விழுவதற்கு மூன்றைக் கழித்தால் ஆறு. இருப்பதோ 18 வீஎம். ஓடுபவற்றை அது தொடாது, புதிதாக எழும்ப வருவதைத் தடுக்கும்.

அனுமதிக் கட்டுப்பாட்டை அப்படியே நிறுத்திவிடலாம் என்று கை போனது. அப்படிச் செய்தால் இவ்வளவு நேரம் எதற்காக ஒதுக்கினேன்? ஸ்லாட்டை விட்டு வீத முறைக்கு மாற்றினேன். மூன்றில் ஒரு ஹோஸ்ட் விழலாம் என்றால் 33 வீதத்தைத் தனியே வைக்கும். ஒதுக்கியது 384இல் 96, அதாவது 25 வீதம். வீஎம் எழும்பியது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. ரிசர்வேஷன் இல்லாத வீஎம்மை இந்த முறை ஏறக்குறைய ஒன்றுமில்லாததாக எண்ணுகிறது. சிபியுவில் 32 மெகாஹேர்ட்ஸ், ரேமில் மேலதிகச் செலவு மட்டும். எனவே பச்சை நிறம் காட்டினாலும் மற்ற 15 வீஎம்களுக்கு அதில் எந்த உறுதியும் இல்லை. செக்ரோல் செயலி ஓடும் வீஎம்முக்கும் பெயர்களை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் சிறிய ரிசர்வேஷன் கொடுத்தேன். அறிக்கை வீஎம்களுக்கு ஒன்றும் இல்லை, நெரிசலில் முன்னுரிமை தரும் பங்கையும் குறைத்தேன். அவை மெதுவாக ஓடினால் யாருக்கும் சம்பளம் பிந்தாது. பல வீஎம்களுக்கும் சேர்த்து ஒதுக்கும் ரிசோர்ஸ் பூல் போடச் சொன்னார் ஒரு நண்பர். பூலுக்குக் கொடுப்பது உள்ளே பங்கு வழி பிரியும், மூன்று வீஎம்முக்கும் தனித்தனியே உறுதி வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று டேட்டாபேஸ் வீஎம்களும் மூன்று ஹோஸ்டில் பிரிந்தே இருக்க வேண்டும் என்ற விதியையும் போட்டேன். ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதிலிருந்தது வேறிடத்தில் எழும்பாமல் காத்திருக்கும். இரண்டு மிஞ்சும், பெரும்பான்மைக்கு அது போதும்.

முகாமையாளரிடம் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவன் இருந்த ஹோஸ்டின் பவர் கேபிளைப் பிடுங்கினேன். பட்ரோனியின் தலைமைப் பூட்டு 30 விநாடியில் காலாவதியானது, புதிய தலைவன் வந்தது, ஒரு நிமிடத்துக்குள் எழுத முடிந்தது. இரண்டு ஹோஸ்டிலேயே இரண்டு மணித்தியாலம் சம்பளக் கணக்கைச் சோதனையாக ஓட்டினேன். அறிக்கை வீஎம்கள் தவழ்ந்தன. டேட்டாபேஸில் பலூனிங் பூச்சியம், சிபியு ரெடி 2 வீதத்தைத் தாண்டவில்லை.

அடுத்த மாதம் செக்ரோல் மூடிய இரவு ஒன்பது மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. “தம்பி, ஒரே ஓட்டத்துல முடிஞ்சிருச்சு. நான் வீட்டுக்குக் கிளம்புறேன், நீங்களும் சாப்பிட்டுட்டுப் படுங்க” என்றார்.