காரைக்குடிக் கல்யாணம், அமெரிக்க விசா: என் வீட்டுக்காரருக்கு மனுப் போட்ட அனுபவம்

கணவனுக்கோ மனைவிக்கோ அமெரிக்கக் குடியேற்ற விசா எடுக்க நினைக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத்தான். நான் முதலில் சொல்வது பெயரைப் பற்றி. செட்டிநாட்டில் ஒரே ஆளுக்குப் பல பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் ஃபைலைத் திறக்கும் அதிகாரிக்குத் தெரியாது.

நான் காரைக்குடி. படிக்கப் போய், வேலை பார்த்து, அங்கேயே குடியுரிமை வாங்கினேன். என் வீட்டுக்காரர் தேவகோட்டை. இடையில் சில வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கல்யாணம் எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில், நடந்தது. கோயில் மாலை வந்தது, இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதினார்கள், கழுத்துரு என்ற தாலியைப் பூட்டினார்கள். எங்கள் நகரத்தார் சமூகக் கணக்கில் நாங்கள் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம், ஆகிவிட்டோம். ஆனால் விசாவுக்கு வேண்டியது சார் பதிவாளர் கொடுக்கும் சான்றிதழ்.

தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்கு மேல் 60 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். லீவில் வந்து கல்யாணம் முடித்துப் பறக்கிறவர்கள் இதைத் தள்ளிப் போடவே கூடாது, ஏனென்றால் பதிவுக்கு மாப்பிள்ளை, பெண் இருவருமே இருக்க வேண்டும். கல்யாண வேலை ஓய்ந்ததும் அப்பச்சி (என் அப்பா) எங்கள் இருவரையும் சாட்சிகளோடு அழைத்துப் போய்விட்டார்கள். "விருந்து அப்புறம் சாப்பிடலாம் ஆத்தா, முதல்ல கையெழுத்தைப் போடு" என்றார்கள். அந்த ஒரு பேச்சுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு வைத்தது அவர் ஐயாவின், அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவின், பெயர். அப்பத்தா அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பதால் வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர். கல்யாணப் பத்திரிகையில் குடும்ப விலாசத்தோடு, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளோடு, ஒரு பெயர். பள்ளிச் சான்றிதழில் இரண்டு இனிஷியல், பேங்கில் ஒன்று. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக விரிந்திருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டமே காலி. மருத்துவமனையில் பிறந்து, பெயர் வைக்குமுன் பதிவானவர்கள் நம் ஊரில் எவ்வளவோ பேர். பெயர் சேர்க்க 15 வருஷம்தான் பொதுக் கெடு என்றாலும், அது தாண்டியவர்களுக்கும் அரசு கால நீட்டிப்புக் கொடுத்திருந்த நேரம் அது. மாமனார் பள்ளிச் சான்றிதழையும் பாஸ்போர்ட் நகலையும் கொண்டுபோய்க் கொடுத்து, பெயரைச் சேர்த்து வாங்கினார்கள்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துதான் அடிப்படை என்று நாங்கள் தீர்மானித்தோம். புதிதாக எடுத்த ஒவ்வொரு காகிதமும் அந்த எழுத்திலேயே வந்தது. பழைய காகிதங்களை மாற்ற அலையவில்லை. விண்ணப்பத்தில் 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. இனிஷியல் வடிவங்கள், வீட்டுப் பெயர் எல்லாவற்றையும் அதில் எழுதினோம். இவை அனைத்தும் ஒரே நபர் என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி எழுதி, நோட்டரி கையெழுத்தோடு இணைத்தோம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அமெரிக்க விசா அடிக்கும்போது, பாஸ்போர்ட்டில் இருக்கிற ஒற்றைப் பெயரே சர்நேம் ஆகி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. எனக்கு அப்படித்தான் விழுந்தது. லைசென்ஸ், பேங்க் என்று எல்லா இடத்திலும் அது ஒட்டிக்கொண்டு வந்தது. குடியுரிமை வாங்கும்போதுதான் பெயரைச் சரியாக மாற்றிக்கொண்டேன். அந்தப் பெயர் மாற்றத்துக்கான ஆதாரத்தையும் அவருடைய மனுவோடு வைத்தேன்.

மனு என்பது ஐ-130 படிவம். கூடவே கணவர் விவரத்துக்கு ஐ-130ஏ. நான் ஆன்லைனில் போட்டபோது கட்டணம் 625 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 675. கல்யாணம் உண்மையானது என்று காட்டும் ஆதாரங்களை இங்கேயே சேர்த்துவிட்டேன். போட்டோக்கள், நான் ஊருக்கு வந்துபோன பயணச் சீட்டுகள், இன்ஷூரன்ஸில் ஒருவருக்கொருவர் நாமினி, பேசிக்கொண்ட பதிவுகள். பத்திரிகையையும் இசைகுடிமானத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தோம். தமிழில் உள்ள எதற்கும் முழு மொழிபெயர்ப்பும், இரண்டு மொழியும் தெரிந்தவர் 'இது சரியானது' என்று கையெழுத்திட்ட குறிப்பும் வேண்டும். எங்களுக்குச் செய்து கொடுத்தவர் ஊரில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். இரு வீட்டாரும் கையெழுத்திட்டு, நாளும் ஊரும் குறித்து, கல்யாணத்தை எழுத்தில் வைக்கும் வழக்கம் நமக்கு எப்போதோ இருந்திருக்கிறது. அரசுச் சான்றிதழுக்கு அது ஈடாகாது. பக்கத்தில் வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு காத்திருப்பு, ஒரு வருஷத்துக்கும் மேலே. அப்பத்தா காலத்தில் ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனார்கள். மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார்கள், பெண்கள் வளவில் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் காத்திருந்தது அவர். "பொம்பளைக்குத்தான் இதெல்லாம் பழக்கம், பையன் தாங்கணுமே" என்று அப்பத்தா எனக்குப் போன் போட்டு வருத்தப்படுவார்கள். சுற்றுலா விசாவில் வந்துவிட்டு அங்கேயே இருந்து மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. குடியேறும் எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று சொல்வது பொய். அந்தப் பொய்யின் மேல் குடும்பம் தொடங்க எங்களுக்கு விருப்பமில்லை.

மனு ஏற்கப்பட்டதும் தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், ஆதரவுப் பத்திரத்துக்கு 120. வருகிறவரைப் பண ரீதியாகத் தாங்குவோம் என்று நாம் எழுதிக் கொடுக்கும் ஐ-864 என்ற இந்தப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் காட்ட வேண்டும். 2025 கணக்கில் இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அது 26,437 டாலர். போதாவிட்டால் இன்னொருவர் கூட்டாகப் பொறுப்பேற்கலாம். விவாகரத்து ஆனால்கூட இந்தப் பொறுப்பு தீராது. அவர் குடியுரிமை வாங்க வேண்டும், அல்லது சுமார் பத்து வருஷ வேலைக் கணக்கு சேர வேண்டும், அல்லது நாட்டை விட்டே போக வேண்டும், அல்லது இருவரில் ஒருவர் காலமாக வேண்டும். அதுவரை அரசுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். கூட்டுப் பொறுப்புக்கு உறவில் யாரையாவது கேட்பதென்றால் இதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

போலீஸ் சான்றிதழ் இரண்டு வேண்டியிருந்தது. இந்தியாவுக்கானதை பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பிக்கலாம். சிவகங்கை மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 16 வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருந்தவர்கள் அந்த நாட்டிலிருந்தும் வாங்க வேண்டும். சிங்கப்பூர் போலீஸ் கைரேகை கேட்கும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய்வராத வீடு நம் பக்கம் குறைவு. அதனால் இந்தச் சான்றிதழை மனுப் போட்ட கையோடு தேட ஆரம்பியுங்கள்.

மெடிக்கல் சென்னையில். தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டும்தான் செய்ய முடியும். பல்லவன் ரயிலில் விடியற்காலை கிளம்பிப் போனார். நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், தடுப்பூசிகள். சின்ன வயதில் போட்ட ஊசிக்கு அட்டை இல்லை, அதனால் வேண்டியதை அங்கேயே போட்டுவிட்டார்கள்.

இன்டர்வியூ மும்பையில். மதுரையிலிருந்து விமானத்தில் போனார். அசல் காகிதங்கள் ஒரு ஃபைல், நகல்கள் ஒரு ஃபைல், போட்டோ ஆல்பம் தனியே. எப்படிப் பழக்கம், கல்யாணம் எங்கே நடந்தது, மனைவி என்ன வேலை பார்க்கிறார், சிங்கப்பூரில் என்ன செய்தீர்கள் என்று சாதாரணமான கேள்விகள். ஒரு கல்யாணப் போட்டோவைக் காட்டி, பக்கத்தில் நிற்பவர் யார் என்றார்களாம். "என் மனைவியின் அம்மான்" என்று சொல்லி, தாய்மாமன் முறையையும் விளக்கியிருக்கிறார். பிறகு பெயரைக் கேட்டார்கள். எதற்கு இத்தனை வடிவம் என்று. விலாசம், ஐயா பெயர், இனிஷியல் மூன்றையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லி, உறுதிமொழித் தாளை நீட்டினார். அதற்கு மேல் கேள்வி வரவில்லை. இந்த விளக்கத்தை மட்டும் போனில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தோம். நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

விசா பாஸ்போர்ட்டில் வந்ததும் குடியேற்றக் கட்டணம் 235 டாலரை ஆன்லைனில் கட்டினோம். கிரீன் கார்டு அச்சிட அது வேண்டும். நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை என்றால் சிஆர்-1 வகை, கார்டும் இரண்டு வருஷத்துக்குத்தான். எங்களுக்கும் அப்படித்தான். அது முடியும் தேதிக்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, அந்த இரண்டு வருஷ நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவம் போட வேண்டும். மறுபடியும் கல்யாண ஆதாரம் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போட்டாயிற்று, பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில். கூட்டுக் கணக்கைப் போன வாரம் திறந்தோம்.