புலிக்குப் புருவம் எதற்கு

கணினியில் விலங்குகளை நடிக்க வைப்பதுதான் என் பிழைப்பு. முந்தைய நாள் முடித்த ஷாட்டைக் காலையில் டெய்லீஸில் இருட்டறைக்குள் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். எங்கள் சூப்பர்வைசர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "புருவம் ரொம்பப் பேசுது, குறைங்க."

புருவத்தின் உள்முனையை லேசாகத் தூக்கினால் போதும், எந்த மிருகத்தைப் பார்த்தாலும் பாவமாக இருக்கும். நாய்களுக்கு அதைத் தூக்கும் தசை நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களுக்கு அப்படி இல்லை என்று 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும்போது வீட்டு நாய் பார்க்கிற பார்வை தெரிந்தவர்களுக்கு ஆய்வே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முடியும் நிஜம்போல இருக்கும் சிங்கத்துக்கு அதே தூக்கலைக் கொடுத்தால் ஜனங்கள் சிரித்துவிடுவார்கள்.

அதற்குப் பயந்து புருவத்தைக் கட்டிப்போட்டாலும் சிக்கல். 1994-ல் கையால் வரைந்த 'லயன் கிங்'கில் அப்பா செத்ததும் சிம்பாவின் முகமே அழும். 2019 படத்தில் இருப்பது அசல் சிங்கக்குட்டி முகம். கூட வந்த அக்கா மகள், "அது ஏன் மாமா அழவே மாட்டேங்குது?" என்றாள். குரல் அழுதுகொண்டுதான் இருந்தது.

'லைஃப் ஆஃப் பை' (2012) புலி பேசாது. சில ஷாட்களில்தான் நிஜப் புலி. மற்றதெல்லாம் கணினி வேலை. மும்பை, ஹைதராபாத் ஸ்டூடியோக்களின் உழைப்பும் அதில் உண்டு. நடுக்கடலில் மீன் பிடித்துப் போட்டுக் காப்பாற்றிய பையனோடு ஒரே படகில் வந்த புலி, கடைசியில் கரை சேர்ந்ததும் காட்டு விளிம்பில் நிற்கும். திரும்பிப் பார்க்காமலே உள்ளே போய்விடும். எங்களுக்குப் பின்வரிசையில் ஓர் அம்மா கணவரிடம், "ஒரு தடவை திரும்பிப் பார்த்தா என்னவாம் அதுக்கு?" என்று நிஜமாகவே கோபப்பட்டார். சொந்தக்காரர் சொல்லாமல் கிளம்பிப் போனால் வருகிற கோபம் அது. அந்தப் புலிக்கு நன்றிக்கடனை ஏற்றிவைத்தது அனிமேட்டர் இல்லை, அவரேதான்.

பேசாத மிருகத்தின்மேல் நம் மனதை நாமே ஏற்றிக்கொள்கிறோம். மனிதக் குரலில் பேச ஆரம்பித்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. குரல் படுகிற பாட்டை முகமும் பட்டாக வேண்டும்.

சாண்டோ சின்னப்பா தேவர் வேறு வழி வைத்திருந்தார். அவர் தயாரித்த 'ஹாத்தி மேரே சாத்தி'யில் (1971) குண்டடிபட்டுச் சாகிற யானையின் முகத்தில் நடிப்பே கிடையாது. அதற்கும் சேர்த்து ராஜேஷ் கன்னா அழுகிறார், முகமது ரஃபி பாடுகிறார். கல்மனசும் கரைந்துவிடும். அதனால் எந்த ஷாட் கைக்கு வந்தாலும், அடுத்து நடிகரின் க்ளோஸப் இருக்கிறதா என்று எடிட்டில் முதலில் பார்த்துவிடுவேன். இருந்தால் மிருகத்தைச் சும்மா விட்டுவிடலாம்.

இப்போது கையில் இருப்பது பேசும் ஆடு. ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் கோடுபோல இருக்கும். யாரைப் பார்க்கிறது என்றே பிடிபடாது. வட்டமாக்கிவிடுங்கள் என்கிறார் க்ளையன்ட். சரி என்று தலையாட்டிவிட்டேன், ஆனால் மனசு வரவில்லை. கோட்டை அப்படியே வைத்து, தலைத் திருப்பலிலேயே பார்வையைக் காட்டும் ஒரு டெஸ்ட்டை நாளைய டெய்லீஸுக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.