விஸ்லி தோட்டத்துல நம்ம ஜானகி அம்மாள்

போன மார்ச் கடைசில இங்கிலாந்துல சர்ரேல இருக்கற விஸ்லி தோட்டத்துக்குப் போயிருந்தோம், இங்க வெயில் எட்டிப் பாத்தா யாரும் வீட்ல இருக்க மாட்டாங்க, மூணு வருஷத்துல எங்களுக்கும் அது தொத்திக்கிச்சு. பேட்டில்ஸ்டன் ஹில்னு ஒரு மேடு. அங்க இலையே இல்லாம கிளை முழுக்க வெள்ளப் பூவா ஒரு மேக்னோலியா நிக்குது, லேபிளக் குனிஞ்சு பாத்தா 'ஜானகி அம்மாள்'னு போட்டிருக்கு.

அம்மாள்! ஆபீஸ்ல என் பேர மூணு எழுத்தா சுருக்கித்தான் கூப்பிடறாங்க, இங்க ஒரு மரத்துக்கு 'அம்மாள்' வரைக்கும் முழுசா பேரு. தொண்ட அடச்சிருச்சு.

ஜானகி அம்மாள் ஒரு தாவர விஞ்ஞானி, 1897ல கேரளாவுல தலச்சேரில பொறந்தவங்க. மெட்ராஸ்ல படிச்சு, மிச்சிகன்ல டாக்டர் பட்டம் வாங்கி, 1930கள்ல எங்க கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல வேல பாத்திருக்காங்க. காட்டுல வளர்ற நாணலையும் தித்திக்கற கரும்பையும் கலப்பு சேத்து நம்ம மண்ணு தாங்கற கரும்பு உண்டாக்கற வேல. நான் காலேஜ் போற காலத்துல வீரகேரளம் பக்கம் அந்தக் காம்பவுண்ட் சுவர எத்தன தடவ தாண்டியிருப்பேன், ஒரு வாத்தியாரும் இவங்க பேரச் சொன்னதில்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

ரெண்டாம் உலக யுத்த காலத்துல லண்டன் மெர்ட்டன்ல இருந்த ஜான் இன்னஸ் தாவர ஆராய்ச்சி நிலையத்துல இருந்திருக்காங்க, இப்ப நான் கறிவேப்பிலை வாங்கப் போற டூட்டிங்ல இருந்து கூப்பிடு தூரம். குண்டு விழுந்தா கட்டிலுக்கு அடியில பூந்துக்குவாங்களாம், அப்புறம் கண்ணாடித் தூள ஒதுக்கிட்டு வேலையப் பாப்பாங்களாம். விஸ்லிக்கு வந்தப்புறம் மேக்னோலியா நாத்துல கால்சிசின் மருந்து வச்சு செல்லுக்குள்ள பரம்பரைக் குணத்தச் சுமக்கற குரோமோசோம ரெட்டிப்பாக்கினாங்க, இதழ் தடிச்சு, பூ பெருசாச்சு. அப்படி வளந்ததுதான் இந்த மரம்.

அதோட நிக்கல. 1950கள் ஆரம்பத்துல நேரு கூப்பிட்டதும் ஊர் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தத் திருத்தி அமைக்கற திட்டத்தப் போட்டாங்க. எம்பது வயசுல கேரளாவுல இருக்கற சைலன்ட் வேலி காட்டுல அணை வேண்டாம்னு குரல் கொடுத்தாங்க. 1984 பிப்ரவரில சென்னைல போயிட்டாங்க, அதே வருஷம் நவம்பர்ல அந்தக் காடு தேசியப் பூங்காவாச்சு, ஒரு ஒம்பது மாசம் இருந்திருக்கலாம்.

கடைசி வரைக்கும் மதுரவாயல் ஆய்வுக்கூடத்துலதான் வேல பாத்தாங்க. மதுரவாயல்! சென்னைல வேல பாத்தப்போ டெய்லி பஸ்ல தூங்கி வழிஞ்சு தாண்டின ஊரு.

இங்க நல்லா செட்டாயிட்டோம்னு போன வாரம்தான் அம்மாகிட்ட சொன்னேன். மரத்தடிலயே வீடியோ கால் போட்டா, பொங்கலுக்கு அப்பா சைக்கிள்ல கட்டிட்டு வர்ற கருப்புக் கரும்பும், தோகை ரோட்டுல உரசற சத்தமும்தான் மனசுல ஓடுது.

"ஏங்கண்ணு, பூ மட்டும் இருக்குது, இலையக் காணோமே?"

"இனிமேதான்மா துளிர்க்கும். இந்தம்மா நம்மூர் கரும்புப் பண்ணைல இருந்தவங்க."

"அப்படியா! அந்தப் பேருகிட்ட போனக் கொண்டு போ, நான் பாக்கறேன்."

ஈர மண்ணுல முட்டி போட்டு லேபிள் கிட்ட போனப் புடிச்சேன். அம்மா கண்ணாடியத் தேடிட்டு வர்ற வரைக்கும் அப்படியே புடிச்சுட்டு இருந்தேன்.