சூடம் அணைத்தால் தீருமா?

பாளையங்கோட்டையில் சிவில் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். கேஸ் கட்டு தூக்குவது, வாய்தா தேதி குறிப்பது, கட்சிக்காரரை டீக்கடைக்கு அழைத்துப்போய் ஆறுதல் சொல்வது என்று பல வேலை. கடைசிதான் பெரிது. வரப்பு, பாதை, கிணற்றுப் பங்கு என்று வருகிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் சொல்லிவிடுவார்கள்: "அண்ணாச்சி, அவன் எங்க சொடலை கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். கேஸை விட்டுருதேன்."

சிரிக்க வேண்டாம், இது சட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. எதிராளி இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் சொல்லி, மற்றவரும் சம்மதித்தால், அந்தச் சத்தியத்தில் சொன்னதே முடிவான சாட்சியம் என்றது 1873ஆம் வருடச் சட்டம். 1969இல் வந்த புதுச் சட்டத்தில் அது இல்லை. இப்போது கூண்டில் கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், வேண்டாதவர் உறுதிமொழி சொல்லலாம். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான்.

ஒரு கிணற்றுப் பங்கு வழக்கில், பிரதிவாதி கூண்டில் ஏறிக் கடவுள் சத்தியமாகக் கிணறு முழுக்கத் தன்னுடையது என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. மதியம் வேப்பமரத்தடியில் எங்கள் கட்சிக்காரப் பெரியவர் அவரை மறித்தார். "வாரும்வே, சீவலப்பேரி சொடலை கோயிலுக்குப் போவோம். அங்க வந்து இதையே சொல்லும்." பிரதிவாதி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "கோயிலை எல்லாம் இதுல இழுக்காதீரும்" என்று நகர்ந்துவிட்டார். பெரியவருக்கு அப்போதே ஜெயித்த மாதிரி. வக்கீல் மட்டும், "அவர் வரலைங்கிறது சாட்சியம் ஆகாதுய்யா, பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடும்" என்றார்.

வக்கீல் பக்கம்தான் நான். உண்மைக்கே ஆனாலும் சூடம் அணைக்கக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்று வளர்க்கிற வீடுகள் இங்கே நிறைய. அந்த வீட்டுக்காரர் மறுத்தால் பொய்யர் ஆகிவிடுவாரா? பயமே இல்லாதவனோ சூடத்தை அணைத்துவிட்டு நேரே புரோட்டாக் கடைக்குப் போவான். சாமியிடம் விட்டால் பயந்தவன்தான் தோற்கிறான்.

இன்னொன்றும் தோன்றும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் நாம் கும்பிடும் பட்டவராயன், அதாவது முத்துப்பட்டன், மாடு திருடர்களோடு சண்டையிட்டு மாண்டவர் என்கிறது கதை. அநியாயமாகச் செத்தவர்களுக்குப் பீடம் போட்ட ஊர்கள் இந்தப் பக்கம் பல. உயிரோடு இருந்தபோது நியாயம் கிடைக்காதவர்களிடம் போய், செத்தபிறகு நியாயம் கேட்டு நிற்கிறோம். அதை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள் அல்லவா?

பத்திரம் பரண்மேல் தகரப் பெட்டியில் கிடைத்தது. கிணற்றில் பாதிப் பங்கு என்று தெளிவாக எழுதியிருந்தது, தீர்ப்பும் அப்படியே. பெரியவர் சொடலைக்குக் கிடா வெட்டினார், எங்கள் ஆபீசுக்கும் கறி வந்தது. பிரதிவாதி அப்பீல் போட்டிருக்கிறார்.