31 என்பது பக்கமா, விட்டமா?

நேற்று சாயங்காலம் முழுக்க ஒரே ஒரு தகட்டோடு போனது. எங்கள் ரோபோ குழுப் பிள்ளைகள் நெமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டாரை (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) பொருத்துவதற்கான தகட்டை ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, அக்ரிலிக்கில் லேசர் வெட்டி எடுத்து வந்தார்கள். திரையில் எல்லாம் கச்சிதம். மோட்டாரை வைத்தால் நான்கு திருகில் ஒன்றுகூட நுழையவில்லை.

காலிப்பரால் அளந்தோம். அடுத்தடுத்த துளைகளின் மையங்களுக்கு இடையே 21.9 மி.மீ.தான், இருக்க வேண்டியது 31. அப்போதுதான் பிடிபட்டது. மோட்டார் வரைபடத்தில் 31 என்பது துளைகள் அமைந்த சதுரத்தின் பக்கம். பிள்ளைகள் அதை நான்கு துளைகள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டமாக எடுத்துக்கொண்டார்கள். வட்டமாகவே வரைவதென்றால் விட்டம் 43.84 வர வேண்டும். பித்தாகரஸ் தேற்றத்தை வைத்து அவர்களே அதைக் கண்டுபிடித்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

சரி, வட்டத்தை அழித்துவிட்டு 31 மி.மீ. சதுரத்தின் மூலைகளில் துளை வைத்தோம். எம்3, அதாவது 3 மி.மீ. விட்டமுள்ள திருகுக்குத் துளையும் சரியாக 3 மி.மீ. போட்டால் இறுகிவிடும், 3.4 விடுங்கள். நடுவில் மோட்டார் முகப்பிலுள்ள 22 மி.மீ. விட்ட வட்ட மேடு இறங்கவும் கொஞ்சம் கூடுதலாக இடம் வேண்டும்.

இந்த முறை முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தோம். நான்காவது திருகும் இறங்கியபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.