ஒருவழியாக அறுகோணம் விழுந்துவிட்டது

மெல்லிய எண்ணெய்ப் படலத்தை அடியிலிருந்து சூடாக்கினால் எண்ணெய் சுழன்று அறுகோண அறைகளாகப் பிரியும்; அதைத்தான் முயன்றுகொண்டிருந்தேன். இப்போது தட்டு முழுக்க அறுகோணங்கள்! ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கோணலாக இழுத்துக்கொண்டு நிற்கின்றன, அது போகட்டும். 50 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அளவு) சிலிக்கான் எண்ணெய், 2 மி.மீ. ஆழம், ஓட்டம் கண்ணுக்குத் தெரியப் பெயிண்ட் கடை அலுமினியப் பொடி ஒரு சிட்டிகை, அடித்தட்டு 80 டிகிரி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு அறையிலும் எண்ணெய் நடுவில் ஏறி, மேலே விளிம்பு வரை ஓடி, அங்கே இறங்குவது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. அறை அகலம் ஆறேழு மி.மீ.

இதில் உயிரை வாங்குவது மட்டம்தான். 15 செ.மீ. தட்டு ஒரு பக்கம் கால் மி.மீ. சாய்ந்தாலும் போச்சு, ஆழமான பக்கம் அறைகள் கட்டும், மறுபக்கம் சும்மா கிடக்கும். கொத்தனார் ரசமட்டம் இந்த அளவுக்குப் போதாது. நான் செய்தது இது: மேலூர்ப் பக்கக் கிரானைட் பட்டறையில் வாங்கிய பாலிஷ் போட்ட வெட்டுத்துண்டு மேல் மூன்று எம்3 (3 மி.மீ.) போல்ட், அதன்மேல் தட்டு. ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. ஏறும், ஆகவே கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று நிதானமாகத் திருப்பலாம். ஆழம் பார்க்க இன்னொரு போல்ட்டின் நுனியில் ஊசி ஒட்டி மெல்ல இறக்க வேண்டும். ஊசியும் எண்ணெயில் தெரியும் அதன் பிம்பமும் முட்டுகிற இடம்தான் மேற்பரப்பு. அப்புறம் தட்டைத் தொடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணினால் ஆழம். மூன்று மூலையிலும் ஒரே எண் வரும்வரை விடக்கூடாது. தட்டைக் கடைந்து கொடுத்த முதல் லேத் பட்டறை நடுவில் குழி விட்டுத் தந்தது, அதை வைத்துக்கொண்டு எந்த மட்டமும் வராது, வேறு பட்டறையில் மறுபடி கடைந்தேன்.

மதுரை வெயிலும் சேர்த்தி. எண்ணெயின் அடிக்கும் மேலுக்கும் சில டிகிரி வித்தியாசம்தான் கிடைக்கிறது, மத்தியானம் ரூமே கொதித்தால் அதுவும் குறைகிறது. விடியற்காலை, ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்வதுதான் சரி.

தண்ணீரில் முயல்பவர்களுக்கு: வெப்பத்துக்கு அதன் பரப்பு இழுவிசை (மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை) இன்னும் அதிகமாகவே மாறும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அழுக்குப் படலம் மேலே ஏறி ஓட்டத்தை அடக்கிவிடும். சிலிக்கான் எண்ணெயின் இழுவிசையே குறைவு என்பதால் அழுக்கு அதன்மேல் பரவுவதில்லை.

சூடான எண்ணெய் எடை குறைந்து ஏறுவதால்தான் இந்த வடிவம் என்று இன்னும் சொல்கிறார்கள். 1900-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெனார் கண்ட அறைகளுக்கு 1916-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே சொன்ன விளக்கம் அது. இவ்வளவு மெல்லிய படலத்தில் இழுப்பது மேற்பரப்புதான், சூடான இடத்தில் இழுவிசை குறைய, ஆறிய இடம் எண்ணெயைத் தன் பக்கம் இழுக்கிறது என்று 1956-இல் பிளாக் சோதனையிலும் 1958-இல் பியர்சன் கணக்கிலும் காட்டியாகிவிட்டது.

ஆழத்தை மாற்றி அறை அகலம் அளப்பது பாக்கி. அதற்குள் மனசு அடுத்ததற்குப் போய்விட்டது: அரை மி.மீ. படலத்துக்கு அடியில் சால்டரிங் அயர்ன் நுனியை வைத்தால் எண்ணெய் சூட்டை விட்டு விலகி ஓடி, நடுவில் பள்ளம் விழ வேண்டும். இதற்கு 10 சென்டிஸ்டோக் வேண்டும். மதுரையில் சில்லறையாகக் கிடைக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள், வெளியூரிலிருந்து வரவழைத்தால் எண்ணெயைவிடப் பார்சல் கூலி அதிகமாகிறது.